நான்காவது கைவிடாதவள்

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் தம்பியும் கப்பல் யார்டு வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். என் டோக்கன் பதினேழாம் நம்பர், அவனுடையது ஆறாம் நம்பர். எண் பொறித்த பித்தளை வட்டம், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தால்தான் ஆள் வெளியே போனதாகக் கணக்கு.

கப்பலுக்குப் பேர் வைக்கிறவர்கள் பெரிய மனிதர்கள். அந்தப் பேரைக் கப்பலின் பின்புறத்தில் ஒட்டுகிறவன் நான். இரும்புத் தகட்டில் எழுத்துகளை வெட்டியெடுத்து ஒவ்வொன்றாக வெல்டு வைப்பேன். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. என் சொந்தப் பேர் யார்டில் யாருக்கும் ஞாபகமில்லை. எழுத்து என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி கப்பலின் அடித்தளத் தண்ணீர் டேங்க்குகளைச் சுத்தம் செய்யும் குழுவில் இருந்தான்.

தண்ணீர் வற்றிய துறைக்குள் அந்தப் போர்க்கப்பல் முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. சாம்பல் நிறம். காலை வெயில் மேல்தளத்தில் மட்டும்தான் விழுந்தது. அடிவயிற்றுப் பக்கம் எப்போதும் இருட்டு, எப்போதும் சொட்டுச் சத்தம், துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. அதன் பேர் கைவிடாதவள். ஆறு எழுத்து. அந்தப் பேரில் இது நான்காவது கப்பல்.

கப்பல் செத்தாலும் பேர் சாகக் கூடாது என்பது கடற்படையின் வழக்கம். முதல் கைவிடாதவள் மரக்கப்பல், பாய் விரித்து ஓடியது, இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாவது கரி போட்டு ஓட்டிய இரும்புக் கப்பல். மூன்றாவது எஃகு. மூன்றும் சண்டையை நடுவில் கைவிடாமல் கரை திரும்பியவை என்று விழாவுக்காக அச்சடித்த புத்தகத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். மூன்று படங்களும் இருந்தன. மூன்றிலும் பின்புறத்தில் முதல் எழுத்து மட்டும் விழுந்திருந்தது. கடைசிச் சண்டையில் அடிபட்டுக் கழன்றதாம். மிச்சம் இருந்தது 'விடாதவள்'.

விழுந்த அந்தக் 'கை' என்ற எழுத்தை எடுத்து வைத்திருந்து, அடுத்த கப்பலின் அடிவயிற்றில் பொருத்துவார்கள். அதிர்ஷ்டம் தொடர வேண்டுமாம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி மூன்றாவது கப்பலின் 'கை'யைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பெட்டி காய்ந்திருந்தது. எழுத்து ஈரமாக இருந்தது.

நாலாம் நம்பர் டேங்க்கின் கடைசி அறையில் அதை வெல்டு வைத்தேன். நெருப்பு பட்டதும் இரும்பு வாடை வரவில்லை, முடி பொசுங்குகிற வாடை வந்தது. எனக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். வெல்டை மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டு ஓடி வந்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அரைகுறையாக விட்ட ஒரே வேலை அதுதான். அதைத் தேய்த்துச் சரிசெய்யும்படிதான் திங்கட்கிழமை தம்பியிடம் சொன்னேன்.

அவன் இடது கையை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "கதவ யாரு சாத்துனது?"

இது எங்கள் வீட்டு வழக்கு. எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. ஓடிப்பிடித்து விளையாடும்போது நான் கதவை அறைந்து சாத்தினேன். அவன் சுண்டுவிரல் முதல் கணுவோடு போயிற்று. அன்றிலிருந்து சைக்கிள் வேண்டுமா, ஜன்னலோர சீட் வேண்டுமா, இந்த ஒரு கேள்விதான். நானும் "நான்தான்டா, என்ன வேணும் சொல்லு" என்பேன். பேசி வைத்த மாதிரி அது நடக்கும். அன்றைக்கு என் மதியச் சாப்பாட்டில் பாதியைக் கேட்டான். சரியென்றேன்.

டேங்க்கின் வாயில் மூடிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கீல் வைத்த இரும்பு மூடி, ஆள் நுழைகிற அளவு ஓட்டை, பக்கத்தில் ஆணி அடித்த ஒரு பலகை. உள்ளே இறங்குகிறவன் டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் மூடியை இறக்குவார். முப்பது வருஷத்தில் ஒரு தலை தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆறு பேர் இறங்கினார்கள். உடம்பை மூடிய ஒரே மாதிரி உடுப்பு, முகத்தில் தூசி மாஸ்க், தலையில் துணி. கடைசியாகத் தம்பி.

அவன் தலை மறைந்ததும் மூடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மூன்றாவது கப்பலை இழுத்து வந்தபோது அதன் அடித்தளக் கதவைத் திறந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். கப்பலில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறியதும், முப்பத்தெட்டுப் பேர் உள்ளே இருக்கும்போதே மேலிருந்து கதவை அடைத்துவிட்டார்கள். கப்பல் பிழைத்தது. பதினொரு நாள் கழித்துத்தான் யார்டில் திறந்தார்கள்.

"கதவோட உள்பக்கம் பெயிண்டே இல்லையாம்பா," என்றார். "நகமா பதிஞ்சு கிடந்துச்சாம்."

இரண்டாவது கப்பலில் கொதிகலன் வெடித்தபோதும் அப்படியே அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஆவியில் வெந்தார்கள். முதல் கப்பலில் தீப்பிடித்தபோது கீழ்த்தளத்துப் பீரங்கிக்காரர்கள் மேலே ஓடிவந்துவிடக் கூடாதென்று மரக்கதவை ஆணியடித்து இறுக்கினார்கள். இடுக்கு வழியாக விரல்கள் வெளியே வந்தன. கோடாலியால் வெட்டித் தள்ளினார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. கப்பல் சண்டையைக் கைவிடவில்லை, ஆட்களைத்தான் கைவிட்டது. அந்தப் பேரை நானே ஒரு அடி உயரத்துக்கு வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு டேங்க் வேலை முடிந்தது. ஆறு பேர் ஏறி வந்தார்கள். ஆறு டோக்கன் போயின. பலகை காலி. மூடியை இறக்கி இருபத்துநாலு நட்டையும் முறுக்கினார்கள். கசிவு பார்ப்பதற்காக டேங்க்கில் தண்ணீர் ஏற்ற பம்ப்பைப் போட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நான் சாப்பாட்டுப் பையோடு வழக்கமான இடத்துக்குப் போனேன். அடுக்கி வைத்த தகடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் இருக்கும். தம்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மாஸ்க்கைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் ஆறாம் நம்பர் டோக்கன் தொங்கியது. உடுப்பின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெல்டைத் தேய்த்தாயா என்று கேட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்து பாதியை அவன் பக்கம் தள்ளினேன். உப்புத் தண்ணீரும் பொசுங்கிய முடியும் கலந்த வாடை அடித்தது.

"கதவ யாரு சாத்துனது?"

தொண்டை கட்டியிருந்த குரல். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"நான்தான்டா," என்றேன். "என்ன வேணும் சொல்லு."

அவன் மெதுவாகத் திரும்பினான்.

"நீயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் ஏற்றுவதற்கு முன்பே வெளியே வந்தவன் எப்படி நனைந்தான்?

டப்பாவை நோக்கி இடது கை நீண்டது. நகங்கள் இல்லை. உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்து தொங்கியது.

சுண்டுவிரல் முழுசாக இருந்தது.

நான் எழுவதற்குள் அது என் இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது. எலும்பு முறிகிற சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. சாப்பாட்டு டப்பாவால் அதன் முகத்தில் ஓங்கி அடித்தேன். மாஸ்க் கழன்றது. உதடு இருக்க வேண்டிய இடத்தில் பல் மட்டும் இருந்தது. மறுபடி அடித்தேன். பல் உதிர்ந்து சோற்றில் விழுந்தது. அது என்னை விடவில்லை, கோபப்படவும் இல்லை, நெடுநாள் தேடிய ஆளைப் பார்ப்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

யார்டு சங்கு ஊதியது. அது சட்டென்று தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தது. பிடி தளர்ந்தது. நான் ஓடினேன்.

ஓடும்போது ஒரே ஒரு நினைப்புதான். வெளியே வந்தவன் இவன் என்றால், தம்பி இன்னும் உள்ளே இருக்கிறான்.

மூடிக்காரர் நம்பவில்லை. ஆறு டோக்கன், ஆறு தலை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"மூஞ்சியப் பாத்தீங்களாண்ணே?"

அவர் வாய் திறந்தபடி நின்றது. "மாஸ்க் போட்டிருந்தாங்களேப்பா," என்றார். "நான் தலையத்தான் எண்ணுவேன்."

கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

ஒரு கை தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு.

மூடிக்காரர் ஓடிப்போய்ப் பம்ப்பை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்து நட்டுகளைக் கழற்ற உட்கார்ந்தார். அதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார். மூன்று மணிக்குப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், சோதனையை நிறுத்த முடியாது, அது குழாயில் காற்று அடைக்கிற சத்தம் என்றார். மூடிக்காரரின் தோளைப் பிடித்து இழுத்தார். நான் இன்னொரு ஸ்பேனரை எடுத்து இன்ஜினியர் மூக்கில் அடித்தேன். மூக்கு உள்ளே போயிற்று. ரத்தத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்தார். அதற்காக இதுவரை நான் வருந்தவில்லை.

பத்து நட்டு கழன்றது. பன்னிரண்டு. நான் ஒற்றைக் கையால் ஒன்றைக் கழற்றுவதற்குள் மூடிக்காரர் மூன்றைக் கழற்றினார்.

தட்டும் சத்தம் கூடியது.

இப்போது ஒரு கை இல்லை. எங்கள் முழங்காலுக்கு அடியில், இடது பக்கம், வலது பக்கம், தளம் முழுக்க, கப்பலின் நீளத்துக்கும் தட்டினார்கள்.

"உன் தம்பி ஒருத்தன்தானே உள்ள?" என்று மூடிக்காரர் கிசுகிசுத்தார்.

நான் அடுத்த நட்டைப் பிடித்தேன். கடைசி நட்டு கழன்றதும் இருவரும் மூடியைத் தூக்கினோம்.

தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. கறுத்த தண்ணீர். அதற்குள்ளிருந்து கைகள் வந்தன. பத்து, இருபது. விளிம்பைப் பிடித்தன, ஒன்றை ஒன்று மிதித்துத் தள்ளின. கருகிய கை, வெந்து வெளுத்த கை, தண்ணீரில் ஊறிச் சதை கழன்ற கை. விரல்கள் வெட்டுப்பட்டுப் போன கைகள் நிறைய. முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

நான் குப்புறப் படுத்து வலது கையை உள்ளே விட்டேன். ஒவ்வொரு கையாகப் பிடித்துச் சுண்டுவிரலைத் தடவினேன். முழுசு. முழுசு. விரலே இல்லை. பிசிறாக வெட்டுப்பட்டது. அவை என் கையைப் பிடித்து இழுத்தன, கடித்த மாதிரியும் இருந்தது. தோள்வரை தண்ணீர். யாரையும் இவ்வளவு அருவருப்போடு நான் தொட்டதில்லை, இவ்வளவு கவனமாகவும் தொட்டதில்லை.

பிறகு அது கிடைத்தது.

முதல் கணுவோடு நின்ற சுண்டுவிரல். நுனி வழவழவென்று ஆறியிருந்தது. உலகத்தில் அந்த ஒரு விரலை மட்டும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அதை அப்படி ஆக்கியவனே நான்தான்.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தம்பியின் தலை வந்தது, கண்கள் செருகியிருந்தன. மூடிக்காரர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். இடுப்புவரை வந்து நின்றுவிட்டான். கீழே அவன் கால்களைப் பிடித்திருந்தார்கள். நான் ஸ்பேனரால் அந்தக் கைகளை அடித்தேன். எலும்பு நொறுங்கும்வரை அடித்தேன், ஒன்று விட்டால் இன்னொன்று பிடித்தது. மூடிக்காரர் அழுதுகொண்டே மிதித்தார். கடைசியில் உடுப்பின் கால்பகுதி கிழிந்து தம்பி எங்கள் மேல் வந்து விழுந்தான். மூச்சு இல்லை.

மற்றவர்கள் முழங்கைவரை ஏறிவிட்டார்கள். ஒரு தலை மேலே வந்தது. முடி இல்லை, காது இல்லை.

அப்போது எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். அலறவில்லை. வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெல்லப் பேசினார்கள்.

"சாத்தாதீங்க."

நான் அதைக் கேட்டேன். காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"சாத்தாதீங்கய்யா."

சாத்தினேன்.

மூடி விரல்களின் மேல் விழுந்தது. முழுசாக இறங்கவில்லை. ஏறி நின்று குதித்தேன். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி வரிசையாகச் சத்தம் வந்தது. மறுபடி குதித்தேன். மூன்றாவது தடவைதான் இரும்போடு இரும்பு சேர்ந்தது. மூடிக்காரர் நட்டுகளை முறுக்கினார். அடியில் தட்டும் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது. அதே நேரத்தில் கப்பலின் பின்புறத்திலிருந்து ஏதோ கனமான இரும்பு துறையின் தரையில் விழுந்து எதிரொலித்தது.

தம்பியின் நெஞ்சை அமுக்கினோம். பத்துத் தடவை, இருபது தடவை. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. இருமினான். நான் அவன் நெற்றியில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன்.

விசாரணையில் எல்லாம் ஒரே பத்தியில் முடிந்தது. எண்ணிக்கைத் தவறால் ஒரு தொழிலாளி உள்ளே விடப்பட்டார், மீட்கப்பட்டார். நாங்கள் இழுத்தது ஒரே ஓர் ஆளைத்தான் என்று இன்ஜினியர் மூக்குக் கட்டோடு சாட்சி சொன்னார். மூடிக்காரரை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீரை வடித்துவிட்டு டேங்க்கைத் திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. நான் வெல்டு வைத்த பழைய 'கை'யும் இல்லை, மேடும் பள்ளமுமான வெல்டு மட்டும் இருந்தது. கப்பலின் பின்புறத்தில் நான் ஒட்டிய புது 'கை' துறைக்குள் விழுந்து கிடந்தது. கட்டுப் போட்ட கையோடு மூன்று தடவை திரும்ப ஒட்டினேன், ஒரு இரவுகூட நிற்கவில்லை. அந்த எழுத்தை மட்டும் பெயிண்டால் எழுதிக் கப்பலை அனுப்பிவிட்டார்கள்.

யார்டு வாசலில் விசாரித்தேன். அன்று பன்னிரண்டே கால் மணிக்கு ஒருவன் சொட்டச் சொட்ட வெளியே நடந்து போனானாம். ஆறாம் நம்பர் டோக்கனை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

நீயா என்று அது கேட்டபோது நான் சாத்தியிருக்கவில்லை. இப்போது சாத்தியிருக்கிறேன். யார் சாத்தியது என்று கேட்டால் இனி நான்தான் பதில்.

அதனால் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டேன். வாசல் கதவு, படுக்கையறைக் கதவு, குளியலறைக் கதவு, அலமாரிக் கதவைக்கூட விடவில்லை. கதவே இல்லாதவனை யார் என்ன கேட்டுவிட முடியும்? என் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி மட்டும் ஒன்றும் கேட்காமல் வந்து எனக்குப் பதிலாகக் கீல்களைக் கழற்றித் தந்தான். அவன் கணுக்காலில் விரல் தடங்கள் இன்னும் கறுப்பாக இருக்கின்றன. அந்தப் பழைய கேள்வியை அவன் அதற்குப் பிறகு ஒருதடவைகூடக் கேட்டதில்லை. அது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அவனிடம் சொல்லவும் முடியவில்லை.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது வாசல் நிலையில் ஒரு கயிறு தொங்கியது. அதன் நுனியில் பித்தளை வட்டம். ஆறாம் நம்பர். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு சத்தம் கேட்டது. கீல் முனகுகிற சத்தம். இரும்பு வந்து இரும்பில் உட்கார்கிற சத்தம். அதன் பிறகு நட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, வெளியிலிருந்து. எண்ணினேன். இருபத்துநாலு.

வாசல் திறந்துதான் கிடக்கிறது. தெரு தெரிகிறது, வெயில் தெரிகிறது. எழுந்து போய் வெளியே கையை நீட்டினேன். விரல்கள் குளிர்ந்த இரும்பில் இடித்தன.

தரை ஈரமாகிவிட்டது. பாதம் நனைகிறது. இருந்தாலும் எழுதிக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் நாலு மணிக்குத் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வந்துவிட்டால் போதும்.

வந்துவிட்டான். படியேறி நேராக என் முன்னால் நிற்கிறான், என்னைத் தாண்டி எதையோ பார்க்கிறான். நான் தட்டுகிறேன். மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு.

அவன் கையை நீட்டி வெற்று வாசலைத் தடவிப் பார்க்கிறான். அவன் முகம் வெளுக்கிறது.

"அண்ணா," என்கிறான். "கதவ யாரு சாத்துனது?"